அந்த அறைக்குள் என்ன நடக்கிறது?

தற்கொலைச் செய்தி எதுவாயினும் அதன் அடியில் இரண்டு எண்களை அச்சிடுவது தமிழ் நாளிதழ்களில் இப்போது வழக்கமாகிவிட்டது. 104 என்பது தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். 14416 என்பது மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண். பொதுத்தேர்வு முடிவுகளும் நீட் முடிவுகளும் வெளியாகும் வாரங்களில் இந்த எண்கள் தொலைக்காட்சித் திரையின் அடியிலும் ஓடுகின்றன. நல்ல வழக்கம்தான். ஆனால், எண்ணை அறிந்த பலருக்கும் அந்த எண்ணுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. யாரிடம் அனுப்புவார்கள், அங்கே என்ன கேட்பார்கள், என்ன எழுதுவார்கள், எத்தனை முறை போக வேண்டும் என்பதையெல்லாம் யாரும் அச்சிடுவதில்லை.

சென்ற மாதம் கந்தர்வக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் என்னிடம் முன்பு படித்த மாணவி ஒருவரைச் சந்தித்தேன். முப்பது வயதைக் கடந்தவர். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பல மாதங்களாகத் தூக்கமில்லை, சமைக்கும்போது காரணமின்றி அழுகை வருகிறது, கை நடுங்குகிறது என்று சொன்னார். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கவே, மருத்துவர் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டு கைப்பையில் இருந்தது. அவர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள். “சார், உள்ள போனா என்ன கேப்பாங்க? பைத்தியம்னு எழுதிருவாங்களா?”

என்னிடம் ஏன் கேட்டார் என்பதற்குக் காரணம் உண்டு. நான் அந்த அறைக்குப் போய் வந்தவன் என்பது ஊரில் சிலருக்குத் தெரியும். நானே மறைக்காமல் சொன்னதுதான். ஆனால், அப்படிச் சொல்வதற்கு எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கிறோமே என்று நம்பியிருந்த எங்கள் பகுதியிலும் முந்திரி, பலா, தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்தன. என் தந்தையார் தம் கையால் வைத்து வளர்த்த முந்திரித் தோப்பு ஒரே இரவில் விறகாயிற்று. மரங்களை இயந்திரம் கொண்டு அறுக்கும் நாளில் “நீயும் வந்து நில்லுப்பா” என்று அழைத்தார். அரையாண்டுத் தேர்வுப் பணி என்று சொல்லி நான் போகவில்லை. அடுத்த நான்கு மாதங்களில் அவர் காலமானார். மாரடைப்பு என்றார்கள்.

அதன் பிறகு எங்கேனும் மரம் அறுக்கும் ஒலி கேட்டால் என் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. பின்னர் ஒலி இல்லாமலேயே படபடத்தது. இதயத்துடிப்பு வரைபடம் எடுத்தார்கள், குறையில்லை. வாயுக்கோளாறு என்று மாத்திரை தந்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர், தஞ்சாவூரில் இருந்த ஒரு மருத்துவ உளவியலாளரின் பெயரைச் சிறு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு மாதங்கள் திரிந்தேன். சட்டை துவைக்கப் போகும்போதெல்லாம் எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்வேன். பணம் இல்லாமல் இல்லை. தஞ்சாவூர் தொலைவும் இல்லை. உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாத அச்சம் ஒன்றுதான் தடை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசியவனுக்கே இந்த நிலை என்றால், அந்த மாணவியின் கேள்வியை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே, அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

அறை எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திரைப்படங்களில் காட்டுவதுபோல் சாய்ந்து படுக்கும் நாற்காலி இல்லை. கண்ணை மூடச் சொல்லி ஊசலாட்டும் கடிகாரமும் இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், தண்ணீர்ப் புட்டி, சுவரில் மின்வாரிய நாட்காட்டி. எதிரே இருந்தவருக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். சின்னப் பெண்ணிடம் என் வீட்டுக் கதையைச் சொல்வதா என்ற எண்ணம் முதலில் எழுந்தது. அதை அவர் எதிர்பார்த்திருந்தார் என்றே நினைக்கிறேன். “சார், இங்க எதைச் சொல்லணும், எதைச் சொல்ல வேண்டாம்னு நீங்கதான் முடிவு பண்ணுவீங்க” என்று தொடங்கினார்.

அடுத்து அவர் சொன்னது ரகசியம் பற்றியது. பேசுவது இந்த அறையை விட்டுப் போகாது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்று தெரிந்தால், குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், நீதிமன்றம் ஆணையிட்டால், அவர் பேச வேண்டியிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையான தொழில்முறை. ரகசியம் காக்கப்படும் என்பது அவரது பெருந்தன்மை மட்டுமல்ல; மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு அதை நோயாளியின் உரிமையாகவே வகுத்திருக்கிறது. இதைச் சொல்லாமல் கதை கேட்கத் தொடங்கும் ஆலோசகரிடம் நாமே கேட்டுவிட வேண்டும்.

முதல் அமர்வு முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அதில் பெரும்பகுதி கேள்விகள்: தூக்கம், பசி, உடல்நோய்கள், உட்கொள்ளும் மாத்திரைகள், குடிப்பழக்கம், வீட்டில் யார் யார், குடும்பத்தில் இதற்கு முன் எவருக்கேனும் இப்படி இருந்ததா? என் துயரத்தைக் கொட்ட வேண்டும் என்று போனவனுக்கு இது ஏதோ மக்கள்தொகைக் கணக்கெடுப்புபோல் இருந்தது. பலர் முதல் நாளோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். வழக்கு வரலாறு எடுப்பது என்று இதற்குப் பெயர். தைராய்டு குறைபாடுகூட மனச்சோர்வுபோல் தோன்றலாம் என்பதால் இந்த விசாரணை தேவை என்பதைப் பின்னால் அறிந்தேன்.

பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்று பூச்சியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் இட வேண்டும். உலகெங்கும் மனச்சோர்வை அளவிடப் பயன்படும் வினாத்தாள் அது. தமிழில் இருந்ததே தவிர, எந்த ஊர்த் தமிழிலும் இல்லை. எங்கள் ஊரில் மனச்சோர்வு என்று யாரும் சொல்வதில்லை. ‘ஒரு மாதிரியா இருக்கு’, ‘நெஞ்சை அடைக்குது’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘மனசே சரியில்ல’ என்பார்கள். நல்ல உளவியலாளர் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு அதே கேள்வியை நம் பேச்சில் கேட்பார். இவர் அப்படித்தான் செய்தார்.

அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதை அவர் சுற்றி வளைக்காமல், குரலை மாற்றாமல், பசி இருக்கிறதா என்று கேட்ட அதே தொனியில் கேட்டார். இருக்கிறது என்றேன். என் மனைவியிடமோ தம்பியிடமோ அதுவரை சொல்லாத சொல் அது. அவர் பதறவில்லை, அறிவுரை சொல்லவில்லை. எப்போது, எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் என்ன செய்தால் குறைகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, அந்த நேரத்தில் அழைக்க வேண்டிய மூன்று பேரின் பெயர்களை என்னையே எழுதச் சொன்னார். வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் வற்புறுத்தினார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பெற்றோரும் ஆசிரியர்களும் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிசெய்யவில்லை. வெளிப்படையாகக் கேட்பது பாரத்தைக் குறைக்கிறது என்பதே இத்துறையினரின் பொதுக் கருத்து. என் அனுபவமும் அதுவே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டனர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அவர்களில் எத்தனை பேரிடம் அந்த ஒன்பதாவது கேள்வியை யாரேனும் நேராகக் கேட்டிருப்பார்கள்?

அன்று வெளியே வந்தபோது மனம் லேசாகவில்லை. தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் தலை கனத்தது. இரண்டாவது, மூன்றாவது அமர்வுகளுக்குப் பிறகு முன்னிலும் மோசமாகவே உணர்ந்தேன். மூடி வைத்ததைத் திறக்கும்போது சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நிற்காமல் போனேன். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் சட்டைப்பைத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

உளச்சிகிச்சையில் அறிவுரை கிடையாது என்பதுதான் நம்மவர்கள் பலருக்குப் பெரிய அதிர்ச்சி. ‘கவுன்சலிங்’ என்றால் புத்திமதி என்றே நாம் பொருள் கொண்டிருக்கிறோம். பள்ளியில் தவறு செய்த மாணவனுக்குக் ‘கவுன்சலிங்’ கொடுத்து அனுப்பினோம் என்று நானே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். திட்டினோம் என்பதுதான் அதன் உண்மைப் பொருள். இங்கோ, “நான் என்ன செய்யணும் மேடம்?” என்று கேட்டபோதெல்லாம் கேள்வி என்னிடமே திரும்பி வந்தது. நான் மௌனமாக இருந்தால் அவரும் மௌனமாக இருந்தார். அந்த மௌனம் முதலில் எரிச்சலூட்டியது.

அறிவுரைக்குப் பதிலாக வீட்டுப்பாடம் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிவாற்றல்சார் நடத்தைச் சிகிச்சையின் வழி அது. படபடப்பு வந்த நேரம், அப்போது மனத்தில் ஓடிய எண்ணம், அந்த எண்ணத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் என்ன சான்று என்று மூன்று பத்திகளில் எழுத வேண்டும். ‘நான் போயிருந்தால் அப்பா பிழைத்திருப்பார்’ என்ற வாக்கியத்தை முதன்முறை தாளில் எழுதிப் பார்த்தேன். மனத்துக்குள் மலையாக நின்றது, தாளில் ஒரு வரியாக இருந்தது. அதற்கு எதிர்ச் சான்று எழுத மூன்று வாரங்கள் ஆயின. வாழ்நாளெல்லாம் வீட்டுப்பாடம் கொடுத்தவன் அதைச் செய்யாமல் போய் நின்று காரணம் சொன்ன நாள்களும் உண்டு. ஆறாவது வாரத்தில் வெறும் பத்து நிமிடம் தோப்பில் போய் நின்றுவிட்டு வரச் சொன்னார். அறுத்த அடிமரங்களுக்கு நடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். மொத்தம் பதினொரு அமர்வுகள். 2020 பிப்ரவரியில் முடித்துக்கொண்டோம்.

எல்லாருக்கும் இதே வழி என்பதில்லை. சிலருக்கு மருந்தும் சேர்ந்து வேண்டும். சிலருக்கு மருந்தே முதலில் வேண்டும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவற்றுக்கு மருந்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் நம்புவது ஆபத்து. சில முறைகள் ஆறு, எட்டு அமர்வுகளில் முடியும்; சில ஆண்டுக்கணக்கில் நீளும். எதிரே இருப்பவரோடு ஒட்டவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அது அவரை அவமதிப்பதாகாது. அவர் நம் வீட்டுத் திருமணத்துக்கு வர மாட்டார். முந்திரிப் பொட்டலம் கொண்டுபோனால் அநேகமாகத் திருப்பித் தருவார். நான் கொண்டுபோனேன், திருப்பித் தந்தார். அதில் எனக்குச் சிறிது மனத்தாங்கலும் உண்டு.

இனி, மாணவியின் இரண்டாவது கேள்வி. ‘பைத்தியம்னு எழுதிருவாங்களா?’ இதைச் சிரித்துத் தள்ள முடியாது. அவருடைய உண்மையான அச்சம் அந்தச் சீட்டு கணவர் வீட்டாரின் கையில் கிடைத்துவிடுமோ என்பது. இந்து திருமணச் சட்டம், சேர்ந்து வாழ இயலாத அளவுக்கான மனக்கோளாறை விவாகரத்துக்குரிய காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. மருந்துச் சீட்டுகளைக் குடும்பநல நீதிமன்றத்தில் காட்டி வழக்காடியவர்களின் கதைகள் ஊர்தோறும் உலவுகின்றன. ஆனால் சட்டம் அவ்வளவு எளிதாக வளைந்து கொடுப்பதில்லை. ஒரு நோயின் பெயரை ஒட்டிவிட்டால் மட்டும் போதாது, அதன் தன்மையும் அளவும் நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே ராம் நாராயண் குப்தா வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவோ, ஒருவருக்கு மனநோய் உண்டு என்று மருத்துவர் கண்டறிவதால் மட்டும் அவர் சித்த சுவாதீனமற்றவர் ஆகிவிட மாட்டார், அதை நீதிமன்றமே அறிவிக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஊரின் பெரும்பாலான பெண்கள் இந்த ஒரு வரியைக் கேள்விப்பட்டதே இல்லை. பேருந்து நிறுத்தங்களில் எழுதி வைக்க வேண்டிய வரி அது.

இருப்பினும் சட்டத்துக்கும் வராந்தாவுக்கும் இடைவெளி உண்டு. நம் மருத்துவமனைகளில் நோயாளியிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே ‘கூட யார் வந்திருக்கீங்க?’ என்பது. துணைக்கு வந்தவர் உள்ளே அமர்வார்; நோயாளிக்கு முன்பே அவர் பதில் சொல்லத் தொடங்குவார். குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நோயாளியோடு உறவினர் ஒருவரும் தங்கி, சிகிச்சையில் பங்கெடுப்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறது. இந்தியா உலகுக்குக் காட்டிய வழிகளில் ஒன்று என்று அதைப் பாராட்டுவதும் உண்டு. ஆனால் மாமியாரால் வரும் துயரத்தை மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு. கேட்கும் முன்பே தருவதுதான் மருத்துவமனையின் கடமை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பதிவெண் பெற்றிருப்பார். பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக்குறைவு அன்று. இவ்விரண்டுமின்றி ‘மனநல ஆலோசகர்’ என்று பலகை மாட்டிக்கொள்வோர் பெருகிவிட்டனர். சில வாரப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு யூடியூப் அலைவரிசை போதும் என்றாகிவிட்டது. அவர்களில் நல்ல மனம் படைத்தவர்கள் உண்டு. ஆனால் நல்ல மனம் மட்டும் போதாத நாள் ஒன்று வரும். அந்த ஒன்பதாவது கேள்விக்கு எதிரே இருப்பவர் ‘ஆம்’ என்று சொல்லும் நாள் அது.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்த மாணவி கேட்டது வேறு. “எங்க சார் போறது?”

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் பிறந்தது. பெல்லாரியில் நடத்திய முன்னோட்டத்தின் அடிப்படையில் 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. அதன்படி மாவட்டந்தோறும் ஒரு குழு: மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர். குறித்த நாள்களில் இக்குழு வட்டார மருத்துவமனைகளுக்கும் செல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கு மேல். ஓர் உளவியலாளர் நாளொன்றுக்கு ஆறு பேரிடம் முழுமையாகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு முப்பது அமர்வுகள். ஒருவருக்கு எட்டு அமர்வுகள் என்றால், ஆண்டு முழுதும் விடுப்பே எடுக்காமல் உழைத்தாலும் இருநூறு பேரைக்கூட முடித்து அனுப்ப இயலாது. நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. கோளாறின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் சொன்னது. அந்தச் சராசரியை நம் மாவட்டத்துக்குப் பொருத்தினால் ஒரு லட்சம் பேர் நிற்கும் வரிசை அது. இரண்டாவது உளவியலாளரை நியமித்தாலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் துறையைச் சேர்த்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஆகவேதான் ‘பேச்சுச் சிகிச்சை’ என்று எழுதப்பட்ட இடத்தில் ஐந்து நிமிட விசாரிப்பும் பதினைந்து நாள் மாத்திரையும் நடக்கின்றன. குற்றம் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் மீதல்ல.

தனியாரிடம் போகலாமே என்பார்கள். நான் ஓர் அமர்வுக்கு 700 ரூபாய் கொடுத்தேன். அது சில ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் அறிவிக்கப்பட்ட நாள் ஊதியமே 336 ரூபாய்தான். இரண்டு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், அன்றைய வேலையிழப்பு, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்ற சிக்கல் எல்லாம் சேர்த்து எட்டு வாரம் தாக்குப்பிடிக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் நம் காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கே பணம் தருபவை. நாற்காலியில் அமர்ந்து பேசிவிட்டு வருபவருக்கு அவற்றால் பயனில்லை.

வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. வழி இதே மாவட்டத்தின் சாலைகளில் ஓடியிருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை இயக்கத் தொடங்கியது. பேருந்துக்குள் ஒரு சிறு ஆலோசனை அறை, திரை, மருந்தகம். கிராமத்தில் வந்து நின்ற பேருந்துக்குள் அமர்ந்து, சென்னையிலிருந்த மனநல மருத்துவரோடு காணொளியில் பேசினார்கள். மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைத்தது. காணொளி மருத்துவம் என்ற சொல்லைக் கொரோனா காலத்தில்தான் நகரங்கள் கற்றுக்கொண்டன. புதுக்கோட்டையின் கிராமங்கள் அதற்குப் பத்தாண்டு முன்பே பழகியிருந்தன. இந்த முயற்சி பற்றி ‘வேர்ல்டு சைக்யாட்ரி’ இதழில் 2013-இல் குறிப்பும் வெளிவந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தப் பேருந்து முதன்மையாகக் கவனித்தது தீவிர மனநோய்களை. அது சரியான முன்னுரிமையே. வீட்டின் பின்கட்டில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு மருந்து முதலில் போய்ச் சேர வேண்டும். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை மறந்துவிட முடியாது. ஆனால் என்னைப் போன்றவர்கள், அந்த மாணவியைப் போன்றவர்கள், பள்ளிக்கும் வயலுக்கும் போய்க்கொண்டே உள்ளுக்குள் உடைகிறவர்கள், அந்தப் பேருந்தில் ஏற வேண்டியவர்களாகத் தம்மைக் கருதுவதில்லை. அவர்களுக்கான வழியைக் கோவா காட்டியது. ‘சங்காத்’ அமைப்பினர் அங்கே பட்டப்படிப்புகூடத் தேவையில்லாத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் முடியும் எளிய உளச்சிகிச்சையை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகக் கொடுத்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் மனச்சோர்வு அதிகம் குறைந்ததை 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்து, சுகாதார நிலைய வளாகத்து மர பெஞ்சுகளில் அமர்த்தினார். ‘நட்பு பெஞ்சு’ என்று உலகம் அறிந்த அந்த முறையும் 2016-இல் ஆய்வில் தேறியது.

தமிழ்நாட்டில் வீடு தேடிச் செல்லும் பணியாளர்களுக்குப் பஞ்சமில்லை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்கவும் சர்க்கரை பார்க்கவும் பெண்கள் தெருத்தெருவாகப் போகிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே பணிச்சுமை மிகுதி, ஊதியமோ சொற்பம் என்பதை அறிவேன். அவர்கள் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றச் சொல்லவில்லை. ஒன்றியத்துக்கு இருவர் மூவர் எனத் தனியாகத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் உரிய ஊதியமும் தந்து, மாவட்ட உளவியலாளரை அவர்களுக்கு வழிகாட்டுபவராக மாற்றினால், மேலே போட்ட கணக்கின் விடை மாறும். ஒரே ஐயம் எனக்கு உண்டு. அதே ஊர்க்காரர், அதே தெருக்காரர், சாதியும் சொந்தமும் தெரிந்தவர் எதிரே அமர்ந்தால் நம் மக்கள் வாய் திறப்பார்களா? பக்கத்து ஒன்றியத்துக்காரரை அமர்த்துவது நல்லது என்று படுகிறது. நான் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்ததும் புதுக்கோட்டையில் தெரிந்த முகம் எதிர்ப்படுமே என்றுதான்.

அதுவரை செய்யக்கூடிய சிறிய காரியங்கள் சில உள்ளன. வட்டார மருத்துவமனைகளில் மனநலக் குழு வரும் நாளை நுழைவாயிலில் எழுதி வைப்பதற்கு அரசாணை வேண்டியதில்லை. அன்று வரவில்லை என்றால் முன்தினமே கைபேசிக்குத் தகவல் அனுப்பலாம். சீட்டு எழுதிக் கொடுக்கும் மருத்துவர் கூடவே ஒரு துண்டறிக்கையையும் கொடுக்கலாம்: எவ்வளவு நேரம் ஆகும், என்ன கேட்பார்கள், யாருக்குச் சொல்ல மாட்டார்கள், எத்தனை முறை வர வேண்டியிருக்கும் என்று நம் பேச்சுத் தமிழில் அரைப்பக்கம். 14416-ஐ அழைத்தால் முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்; பின் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார்; தேவையானால் மருத்துவருக்கு இணைப்பார் என்ற மூன்று வரிகளை எண்ணோடு சேர்த்து நாளிதழ்களும் அச்சிடலாம்.

அந்த மாணவி சென்ற வாரம் போனார். குழு வரும் நாள் என்று சொல்லப்பட்ட நாள்தான். பன்னிரண்டு மணி வரை காத்திருந்த பிறகு, உளவியலாளர் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தொலைபேசியில் என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. அந்த நிம்மதியை எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு மாதங்கள் சட்டைப்பையில் சுமந்தது அதைத்தான். அடுத்த வாரம் நானும் வரட்டுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “வாங்க சார். ஆனா ஆஸ்பத்திரிக்கு உள்ள வேண்டாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இருங்க. முடிஞ்சதும் நான் வந்து சொல்றேன்.”